ஆண் ஃபைட்டர் மீனோடு ஒரே தொட்டியில் எந்த மீன்களை விடலாம்?

60 லிட்டர் தொட்டி, ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஆண் ஃபைட்டர். இதில் கப்பி மீன் விடலாமா என்பது கேள்வி. கப்பி வேண்டாம். ஆண் கப்பியின் அகன்ற வண்ண வாலைப் பார்த்தால் ஃபைட்டருக்கு அது இன்னொரு ஆண் ஃபைட்டர் மாதிரிதான் தெரியும், துரத்தித் துரத்திக் கிழித்துவிடும். தண்ணீரிலும் ஒத்துப்போகாது. கப்பிக்குக் கடினமான தண்ணீர் வேண்டும், ஃபைட்டருக்கு மென்மையானது நல்லது.

உங்கள் தொட்டி அளவு சரியானதுதான். 40 லிட்டருக்குக் கீழே என்றால் நத்தையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன், 20 லிட்டரில் ஃபைட்டர் தனியாகவே இருக்கட்டும்.

ஃபைட்டர் மேற்பரப்பில் வந்து காற்றைக் குடிக்கும் மீன். தொட்டியின் மேல் பாதியைத் தன் இடமாக நினைக்கும். அதனால் முதலில் அடியில் வாழும் மீன்களைப் பாருங்கள். பிக்மி கோரிடோராஸ் (சுருக்கமாக கோரி) 6 முதல் 8 வரை விடலாம். சுமார் 3 செ.மீ.தான் வளரும், யார் வம்புக்கும் போகாது. தரையில் மெல்லிய மணல் கட்டாயம். கூரான சரளைக்கல் அதன் மீசையைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும். கோரிக்குப் பதிலாக கூலி லோச் 6 விடலாம். பகலில் ஒளிந்துகொள்ளும், இரவில்தான் வெளியே வரும், அதனால் ஃபைட்டர் கண்ணில் அதிகம் படாது. அதற்கும் மணல்தான்.

நடுப்பகுதிக்கு எம்பர் டெட்ரா 8, அல்லது ஹார்லிக்வின் ரஸ்போரா 8. இரண்டில் ஒன்றுதான். மூன்று நான்கு என்று வாங்கினால் அவை பயந்துபோய் மூலையில் ஒதுங்கும், இல்லாவிட்டால் ஃபைட்டரின் வாலைக் கொத்தும். கூட்டம் பெரிதாக இருந்தால் தங்களுக்குள்ளேயே விளையாடிக்கொள்ளும். நியான் டெட்ராவைப் பலர் சிபாரிசு செய்வார்கள். ஃபைட்டருக்கு 25–27 டிகிரி வேண்டும், நியானுக்கு அதைவிடக் குளிர்ந்த தண்ணீர்தான் பிடிக்கும். என் ஓட்டு எம்பருக்கு. மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பொதுவாக ஹீட்டரை 25–26இல் வையுங்கள்.

நத்தையில் நெரைட் சிறந்தது. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக முட்டை ஒட்டும், ஆனால் நன்னீரில் பெருகாது. மிஸ்டரி நத்தையின் நீண்ட உணர்கொம்புகளைச் சில ஃபைட்டர்கள் புழு என்று நினைத்துக் கொத்தும். செர்ரி இறாலின் குஞ்சுகள் ஃபைட்டருக்குத் தீனி. அமானோ இறால் பெரிது என்பதால் ஓரளவு தப்பிக்கும்.

டைகர் பார்ப், செர்ப்பே டெட்ரா இரண்டும் வால் கொத்திகள். ஹாஃப்மூன் போன்ற நீண்ட வால் ரகத்தால் வேகமாக நீந்தித் தப்ப முடியாது. கௌராமி ஃபைட்டரின் நெருங்கிய சொந்தம், மோதல் நிச்சயம். தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், கழிவும் மிக அதிகம். பெண் ஃபைட்டரையும் நிரந்தரமாகச் சேர்த்து வைக்காதீர்கள். முட்டையிட்ட பிறகு ஆண் அதை அடித்து விரட்டும்.

சேர்க்கும் முறையில்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. தொட்டி முழுதாக சைக்கிள் ஆகி (கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா வளர்ந்து), அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்ட வேண்டும். புது மீன்களை 3–4 வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். பிறகு ஃபைட்டரைத் தற்காலிகமாக வேறு பாத்திரத்துக்கு மாற்றி, செடி, கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்குங்கள். புது மீன்களை முதலில் விட்டு, மறுநாள் ஃபைட்டரை விடுங்கள். பழைய எல்லை கலைந்துவிட்டதால் அது உடனே உரிமை கொண்டாடாது. ஒரேயடியாக எல்லாவற்றையும் சேர்க்காமல் அடிமீன் முதலில், இரண்டு மூன்று வாரம் கழித்துக் கூட்டமீன் என்று போனால் ஃபில்டரும் தாங்கும்.

முதல் ஓரிரு நாள் செவுளை விரித்து மிரட்டிவிட்டு விலகிப் போனால் கவலை வேண்டாம். ஒரே மீனை விடாமல் பின்தொடர்ந்தாலோ, ஃபைட்டரே துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடந்தாலோ அன்றைக்கே பிரித்துவிடுங்கள். வாலை உற்றுப் பாருங்கள். ஒரே இரவில் பிறை வடிவத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தால் அது கடி. தன் வாலைத் தானே கடிக்கும் ஃபைட்டரும் உண்டு, அதையும் கவனியுங்கள். ஓரம் கருத்தோ வெளுத்தோ நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தால் துடுப்பழுகல் நோய். தண்ணீரைச் சோதித்து மாற்றுங்கள்.

கோரிக்குப் போடும் மூழ்கும் தீனியை ஃபைட்டர் கீழே போய்த் தின்று வயிறு உப்பிக்கொள்ளும். ஃபைட்டருக்கு மேற்பரப்பில் தனியாகத் தீனி கொடுத்து முடித்து, விளக்கை அணைத்த பிறகே அடித்தீனி போடுங்கள்.

மூடியும், 10 லிட்டர் அளவில் ஒரு தனித் தொட்டியும் கையில் இருக்கட்டும். எல்லாம் ஃபைட்டர்தான் என்றாலும் குணம் வேறுபடும்; சில ஃபைட்டர்கள் யாரையும் சேர்க்காது, அப்போது உடனே பிரித்து வைக்க வேண்டியிருக்கும். நோய் வந்தாலும் அந்தத் தனித் தொட்டியில் வைத்து மருந்து போடலாம். செம்பு கலந்த மருந்து பொதுத் தொட்டிக்குள் போனால் இறாலும் நத்தையும் செத்துவிடும்.