கேளுங்கள், சொல்கிறோம்: தடைக்குப் பின் சாரணர் படை

கே: கம்யூனிஸ்ட் ஆட்சி போனதும் செக்கோஸ்லோவாக்கியாவில் சாரணர் இயக்கம் 1989 டிசம்பரிலேயே எழுந்துவிட்டதாமே! நாற்பது வருஷம் தடையில் கிடந்தது அத்தனை சீக்கிரம் எப்படி?
— வாசகர், பாளையங்கோட்டை

ப: நாற்பது வருஷமும் ஒரேயடியாகத் தடை இல்லை. 1968-இல் கெடுபிடி தளர்ந்ததும் அந்நாட்டுச் சாரணர் அமைப்பான 'யூனாக்' வெளிப்படையாக இயங்கியது. 1970-இல் மறுபடி மூடினார்கள். 1968-இல் 12 வயதில் உறுதிமொழி எடுத்த பையனுக்கு 1989-இல் 33 வயது. முகாம் நடத்தத் தோதான வயசு. மூடிய பிறகும் சில குழுக்கள் நடைப்பயணக் கழகம், பயனியர் (கம்யூனிஸ்ட் அரசின் சிறுவர் அமைப்பு) குழு என்று பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு கோடை முகாம் போட்டே வந்தன. கீழே பலகைச் சட்டம் அடித்து, மேலே கித்தான் போர்த்தும் கூடாரத்தைப் போடும் கைப்பழக்கம் அதனால் விட்டுப்போகவில்லை.

ஹங்கேரியில் நிலைமை வேறு. 1933-இல் கொடொல்லோவில் உலக ஜாம்பூரி, அதாவது உலகச் சாரணர் பெருமுகாம், நடத்திய நாடு அது, 1948-இல் தடை. 1989-இல் திரும்பி வந்தவர்களில் பலர் தாத்தாக்கள். நடு வயதுக்காரர்களுக்குத்தான் பஞ்சம். புலம்பெயர்ந்த ஹங்கேரியர் வெளிநாட்டில் நடத்திவந்த சாரணர் சங்கம் கைகொடுத்தது.

கே: பயனியர் பிள்ளைகளையே சாரணராக மாற்றியிருக்கலாமே?
— வாசகி, தென்காசி

ப: ஸ்கார்ஃபை மாற்றலாம், பழக்கத்தை மாற்றுவது பாடு. பயனியரில் வகுப்பே மொத்தமாகச் சேரும். மேலிருந்து உத்தரவு வரும். சாரணத்தில் ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட அணியை ஒரு சிறுவனே நடத்த வேண்டும். பெரியவர் விசிலை விடாமல் வைத்திருந்தால் அணித்தலைவர் பேருக்குத்தான்.

கே: எங்கள் பள்ளியில் நின்றுபோன சாரணர் படையைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். எங்கே தொடங்குவது?
— ஆசிரியர், அம்பாசமுத்திரம்

ப: முதலில் சீருடை தைக்கக் கொடுக்காதீர்கள், சார். பல பள்ளிகளில் காசு அதோடு தீர்ந்து, படை குடியரசு தின அணிவகுப்போடு நின்றுவிடுகிறது. பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் மாவட்ட அமைப்பில் பதிவு செய்து, உங்கள் அடிப்படைப் பயிற்சியையும் முடித்துவிடுங்கள்.

அறுபது பேர் பெயர் கொடுத்தாலும் எட்டுப் பேரோடு மட்டும் ஆரம்பியுங்கள். ஒரு பருவம் வாரம் ஒரு நாள் அவர்களைத் தயார் செய்து, பிறகு ஆளுக்கொரு அணி என்று பிரித்துவிடலாம். ஆளுக்கு இரண்டு மீட்டர் பருத்திக் கயிறு போதும். நைலான் வழுக்கும், முடிச்சு நிற்காது. நுனி பிரியாமல் நூலால் இறுகச் சுற்றுங்கள். ஒரே பருமன் கயிறுகள் இரண்டை இணைக்க ரீஃப் முடிச்சு, பருமன் வேறுபட்டால் ஷீட் பெண்ட் முடிச்சு. பருமன் வேறுபட்ட கயிறுகளில் ரீஃப் முடிச்சைப் போட்டால் இழுத்ததும் உருவிக்கொள்ளலாம்.

முதல் முகாமுக்குத் தாமிரபரணி மணல்திட்டு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை பெய்து பாபநாசம் அணையைத் திறந்தால், கரையில் ஒரு துளி விழாவிட்டாலும் ஆறு ஏறிவிடும். பள்ளி மைதானத்திலேயே ஓர் இரவு தங்கி, அணிக்கு ஓர் அடுப்பு வைத்துச் சமைக்கச் சொல்லுங்கள். சோறு குழைந்தாலும் நீங்கள் கரண்டியைத் தொடக் கூடாது.