பேரனை எங்கே காணோம்?

கேள்வி: பத்து வருடமாக ஆவணப் புகைப்படங்கள் எடுக்கிறேன். வெள்ளத்தில் வீடு இழந்த ஒரு பாட்டியை அந்தி வெளிச்சத்தில் எடுத்த படம் அடுத்த மாதக் கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கிறது. 'தனிமை' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். (அவர் கையைப் பிடித்தபடி பேரன் நின்றிருந்தான். பார்வையை இழுத்ததால் அந்த ஓரத்தை வெட்டிவிட்டேன்.) "அடுத்தவர் துயரத்தை அழகாக்கிக் காட்டுகிறாய்" என்கிறான் நண்பன். பறவைக் கூட்டை எடுக்க இலைகளை ஒதுக்கியதையும் குறை சொல்கிறான். அழகாக எடுப்பது குற்றமா?

பதில்: இல்லை. அழகு பற்றிய இந்தக் கேள்வி எனக்கு வருடத்துக்கு நாலு தடவையாவது வருகிறது. அதை விடுங்கள். அடைப்புக்குறிக்குள் நிற்கிற பையனைப் பற்றிப் பேசுவோம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பாட்டியின் இடது கை ஓரம்வரை நீண்டு, மணிக்கட்டோடு நின்றுபோகிறது. அதற்கு அந்தப்பக்கம் ஒரு பிள்ளையின் விரல்கள் இருந்திருக்கின்றன. வீடு வாசல் போய், அந்த அம்மா பிடித்துக்கொண்டு நிற்க மிஞ்சியது அந்தக் கை. வெள்ளமே விட்டுவைத்த பேரனை நீங்கள் வெட்டி எறிந்துவிட்டு, 'தனிமை' என்று பெயர் வேறு வைத்திருக்கிறீர்கள்!

ஓரத்தை வெட்ட விதி இடம் கொடுக்கிறது என்பீர்கள். பல போட்டிகளில் கொடுக்கத்தான் செய்கிறது. இருக்கட்டும். கண்காட்சிக்கு வருகிறவர்கள் "பெற்ற பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் போல" என்று அந்தக் குடும்பத்தைத்தானே ஏசுவார்கள்? உங்கள் பாட்டியை ஒருவன் இப்படி நாதியற்றவராகக் காட்டியிருந்தால் சும்மா விட்டிருப்பீர்களா?

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங்கே 1936-இல் கலிஃபோர்னியாவில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தில், தாயின் இரு தோளிலும் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிச் சாய்ந்திருக்கிறார்கள். பின்னாளில், படத்தின் மூலையில் தெரிந்த ஒரு கட்டைவிரலை நெகட்டிவில் மறைக்கச் செய்தார் லாங்கே. அந்த ஒரு விரலுக்கே இன்றுவரை பேச்சு வாங்குகிறார். நீங்கள் நீக்கியது முழுப் பையனை.

யூஜின் ஸ்மித் 1971-இல் ஜப்பானின் மினமாட்டாவில் எடுத்த படமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆலைக் கழிவுப் பாதரசத்தால் கருவிலேயே பாதிக்கப்பட்ட மகளை, குளியல் தொட்டிக்குள் தாய் ஏந்திக்கொண்டிருக்கிறார். அப்படி ஒரு வெளிச்சம், அப்படி ஒரு அழகு. தாயின் சம்மதத்தோடு எடுத்ததுதான். ஆனாலும் மகள் இறந்து பல வருடம் கழித்து, இனி அவள் ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் விரும்பியபோது, யூஜினோடு சேர்ந்து மினமாட்டாவைப் பதிவு செய்த எய்லீன் ஸ்மித் 1998-இல் அந்தப் படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை அவர்களிடமே கொடுத்தார். (மகளின் பெயரை நான் இங்கே எழுதாததும் அதனால்தான்.) அந்தத் தாயை 'ஓரம்' என்று வெட்டியிருந்தால் அதில் என்ன மிஞ்சியிருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

பறவைக் கூடு விஷயத்தில் நண்பர் சொல்வதுதான் சரி. இலையை ஒதுக்கினால் குஞ்சுகள் மேல் வெயில் அடிக்கும், காக்கைக்குக் கூடு தெரியும். இனிமேல் தொடாதீர்கள்.

கண்காட்சிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வெட்டாத படத்தையும் வெட்டியதையும் அச்செடுத்துக்கொண்டு அந்த அம்மாவைத் தேடிப் போங்கள். இரண்டையும் அவர் கையில் கொடுங்கள். எது சுவரில் தொங்க வேண்டும், தொங்கவே கூடாதா என்பதை அவர் சொல்லட்டும். கேட்கும்போது பையனும் பக்கத்தில் இருக்கட்டும்.