கேள்வி - பதில்: விடுமுறை நாளில் வந்த பேரணி

கேள்வி: 2019இல் ஹாங்காங்கில் வேலை பார்த்த வெளிநாட்டவர்கள், ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்குப் போன இடத்தில் போராட்டத்தின் நடுவே அகப்பட்டுக்கொண்டது எப்படி?
- வாசகர், திருச்சி

பதில்: போராடியவர்களுக்கும் அன்றுதான் விடுமுறை என்பது முதற்காரணம். குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சீனாவிடம் ஒப்படைக்க வழிசெய்யும் சட்ட முன்வடிவை எதிர்த்து ஜூன் 9, 16 ஆகிய இரு ஞாயிறுகளில் நடந்த பெரும் பேரணிகள், விக்டோரியா பூங்காவில் தொடங்கி, கடைகள் நிறைந்த காஸ்வே பே, வான்சாய் வழியாக அரசு அலுவலகங்கள் உள்ள அட்மிரால்டியை நோக்கிச் சென்றன. ஆகவே மதிய உணவை முடித்து வெளியே வந்தவர்களுக்கு டிராம் தண்டவாளமே கண்ணில் படாத நெரிசல். ஆயினும் 16ஆம் தேதி ஆம்புலன்ஸ் ஒன்று வந்ததும், கறுப்புச் சட்டை அணிந்த அந்தக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்ட காட்சியை உலகமே பார்த்தது.

பின்வந்த மாதங்களில் கண்ணீர்ப்புகையும் மூடப்பட்ட மெட்ரோ நிலையங்களும் வார இறுதிகளின் வாடிக்கையாயின. என்னைக் கேட்டால், வெளிநாட்டிலிருந்து வந்த வங்கி அதிகாரிகளைவிட அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பணிப்பெண்களே. முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது விதி என்பதால், சென்ட்ரல் பகுதி நடைபாதையில் அட்டை விரித்துத் தோழிகளோடு உண்டு பேசிக் களிப்பதற்கு அவர்களுக்கு வாய்த்தது ஞாயிறு என்ற அந்த ஒரு நாள் மட்டுமே.