தொடங்கிய இடம் தெரியாத புற்று: மார்க்கர் பேக்கேஜ் எடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை. முதுகெலும்பிலும் கல்லீரலிலும் புற்று பரவியிருக்கிறது. பயாப்சியில் 'அடினோகார்சினோமா' (சுரப்பிச் செல்களில் தொடங்கும் புற்று) என்று வந்தது, எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. ரத்தத்தில் பார்க்கும் புற்று மார்க்கர்களான சி.இ.ஏ., சி.ஏ. 19-9 இரண்டும் கூடுதல். சேலத்தில் ரத்தம் எடுத்தவர், இன்னும் 10 மார்க்கர் சேர்ந்த பேக்கேஜ் எடுத்தால் இடம் தெரிந்துவிடும் என்கிறார். எடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

சி.இ.ஏ. பீடி குடிப்பவருக்கே கூடும். பித்தக்குழாய் அடைத்தால் சி.ஏ. 19-9 எகிறும். உங்கள் அப்பாவுக்கு வந்த மாதிரிப் புற்றில், அது எங்கிருந்து கிளம்பியிருந்தாலும் மூன்று நான்கு மார்க்கர் சேர்ந்தே ஏறுவது சாதாரணம். அந்தத் தாளை மட்டும் பார்த்து 'கணையம்தான்' என்று யாராவது சொன்னால் மருந்தை ஆரம்பிக்க விடாதீர்கள். பேக்கேஜ் பிடித்துக் கொடுப்பவருக்கு அதில் கமிஷன் கிடைப்பதும் நடக்கிற கதைதான்.

அப்பாவுக்குக் கேட்டு எடுக்க வேண்டிய மார்க்கர் ஒன்றுதான்: புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் பி.எஸ்.ஏ. ஆணுக்கு எலும்பில் பரவியிருந்தால் புராஸ்டேட்டை விட்டுவிடக் கூடாது. அதுதான் என்று உறுதியானால் வைத்தியமே மாறிவிடும். ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி, அல்லது விதைகளை எடுக்கும் சின்ன ஆபரேஷன். சிலருக்கு நோய் வருடக்கணக்கில் கட்டுக்குள் நிற்கும். ஆனால் இதிலும் ஏமாற இடம் உண்டு. வயதில் வரும் புராஸ்டேட் வீக்கத்துக்கும், சிறுநீர்த் தொற்றுக்கும், சிறுநீர் டியூப் போட்டிருந்தாலும் பி.எஸ்.ஏ. கொஞ்சம் ஏறும். 5, 6 என்று வந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நூற்றுக்கணக்கில் வந்தால் விஷயம் வேறு. அப்போதும் பயாப்சித் துண்டில் பி.எஸ்.ஏ. சாயம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மிச்சப் பணத்தை அந்தத் துண்டுக்கே செலவழியுங்கள். சாயம் ஏற்றிப் பார்க்கும் அந்தச் சோதனையை ஐ.ஹெச்.சி. என்பார்கள். செல் பழுப்பாகச் சாயம் பிடிக்கிற விதத்தைப் பார்த்து நுரையீரலா, குடலா என்று ஓரளவு சொல்லலாம். சில சமயம் அதிலும் தெரியாது. அப்படியானால் உங்கள் டாக்டர் பொதுவான கீமோ பற்றிப் பேசுவார். அப்போது, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, ஏற்கெனவே கூடியிருக்கும் மார்க்கரை ஸ்கேனோடு சேர்த்து ஒப்பிடலாம். வாராவாரம் எடுப்பது வீண்.

என்னிடம் வருகிறவர்கள் கையில் ஆறு மாத மார்க்கர் தாள் ஃபைல் ஃபைலாக இருக்கும், ஐ.ஹெச்.சி.க்கு வேண்டிய பயாப்சி பிளாக், அதாவது அந்தத் துண்டைப் பதித்த மெழுகுக் கட்டி, இருக்காது. அதை வாங்கி வர இன்னொரு நாள் கூலி போகும், மலையில் 20 கொண்டை ஊசி வளைவை மறுபடி ஏறி இறங்க வேண்டும். 'பிளாக்கையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்' என்று முதல் நாளே சொல்லி அனுப்ப யாருக்கும் ஒரு நிமிடம் இல்லை. எத்தனை வருடமானாலும் எனக்கு இது ஆறவில்லை.

பயாப்சி பார்த்த லேபில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் கட்டைவிரல் நகம் அளவு மெழுகு, ஓரத்தில் ஒரு எண். ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். ஸ்லைடுகளையும் சேர்த்து வாங்குங்கள். சேலம் வெயிலில் வண்டி சீட் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.