ஓணம் வார விலைக்கு ஹாங்காங்

கேள்வி: எனக்கு வயது 52. களக்காடு பக்கம் ஏத்தன் வாழை போட்டிருக்கிறேன். இந்த வருஷம் விலை கிடைத்து, கடன் போக 4 லட்சம் ரூபாய் கையில் நிற்கிறது. ஹாங்காங்கில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், “பேங்க்ல போட்டு என்ன ஆகப்போகுது மாமா, ஹாங்செங் பீஸ் வாங்கிப் போடுங்க. நானும் இங்க அதே இண்டெக்ஸத்தான் வாங்குதேன்” என்கிறான். டிமேட் கணக்கும் திறந்தாயிற்று. மொத்தத்தையும் போடலாமா? ஒரு கம்பெனியை வாங்காமல் ஒரு நாட்டையே வாங்குவது பத்திரம்தானே? இல்லையென்றால் பணத்தை அவனுக்கே அனுப்பி அங்கேயே வாங்கச் சொல்லலாமா?
— பெயர் வேண்டாம், களக்காடு வட்டாரம்

பதில்: அண்ணாச்சி, உங்கள் மருமகன் சொன்னதில் பொய் இல்லை. அவர் அங்கே வாங்குவதும் நீங்கள் இங்கே வாங்கப்போவதும் ஒரே சரக்குதான். ஆனால் ஒரே விலை கிடையாது. வில்லங்கம் அங்கேதான்.

சரக்கை முதலில் பார்த்துவிடுவோம். ஹாங்செங் என்பது ஹாங்காங் பங்குச்சந்தையின் குறியீடு, அதாவது அங்குள்ள பெரிய கம்பெனிகளின் பங்கு விலைகளைச் சேர்த்துக் காட்டும் எண். 1969-ல் தொடங்கியது. டென்சென்ட், அலிபாபா, எச்எஸ்பிசி, ஏஐஏ போன்ற பெரிய கம்பெனிகள் அதில் உண்டு. அந்தக் குறியீட்டில் எது எவ்வளவு இருக்கிறதோ அதே அளவில் பங்குகளை வாங்கி, சிறு சிறு யூனிட்டாக நம் சந்தையில் விற்கும் இடிஎஃப்தான் ஹாங்செங் பீஸ். 2010-ல் வந்தது. இடையில் நிர்வாகம் கைமாறி இப்போது நிப்பான் இந்தியா மியூச்சுவல் ஃபண்டிடம் இருக்கிறது. பெயர் ஹாங்காங் என்றாலும் உள்ளே இருக்கும் கம்பெனிகளில் பெரும்பாலானவை சீனாவில் தொழில் செய்பவை. ஆகவே நீங்கள் வாங்கப்போவது பெரும்பாலும் சீனாவைத்தான்.

ஒரு நாட்டையே வாங்குவது பத்திரமா? ஒரு வாழைக்கு வாடல் நோய் வந்தால் மற்ற வாழை தப்பிக்கும், சரி. ஆனால் சூறைக்காற்று அடித்தால் ஒரே இரவில் தோட்டம் மொத்தமும் சாய்ந்து கிடப்பதை நீங்கள் பார்க்காததா? ஒரு நாட்டுக் குறியீடும் அப்படித்தான். தனிக் கம்பெனியின் நோயைத் தாங்கும், காற்றைத் தாங்காது. 2020 நவம்பரில் அலிபாபாவின் சகோதர நிறுவனமான ஆன்ட் குழுமம் பங்கு வெளியிட இருந்தது. பட்டியலிட இரண்டே நாள் இருக்கும்போது வெளியீடு நிறுத்தப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு முழுக்க சீன அரசு ஒவ்வொரு துறையாகக் கடிவாளம் போட்டது. 2018 ஜனவரியில் 33,000-ஐத் தாண்டியிருந்த ஹாங்செங், 2022 அக்டோபர் கடைசியில் 15,000-க்கும் கீழே போய்விட்டது. பாதிக்கும் மேல் காலி.

ஜப்பான் கதை இன்னும் நீளம். அங்கே நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915-ல் முடிந்தது. அந்த அளவை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 1989-ல் அன்று பிறந்த பிள்ளைக்கு அதற்குள் 34 வயது.

இதில் நமக்கு ஒரு சின்ன ஆறுதலும் உண்டு. ஹாங்காங் டாலரை 1983 முதல் அமெரிக்க டாலரோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு அமெரிக்க டாலருக்கு 7.80 என்ற அளவை ஒட்டி. ஆகவே நம் ரூபாய் அமெரிக்க டாலருக்கு எதிராக இறங்க இறங்க, ஹாங்செங் யூனிட்டின் ரூபாய் மதிப்பு அந்த அளவுக்கு ஏறும். மேலே சொன்ன சரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். குறியீடு 56 சதவீதம் விழுந்தது. அந்த இடைவெளியில் டாலர் 63 ரூபாய் சொச்சத்திலிருந்து 82 ரூபாய்க்கு மேல் போனதால், ரூபாயில் கணக்கிட்டால் விழுந்தது ஏறக்குறைய 42 சதவீதம். ஆறுதல்தான், லாபம் இல்லை.

இப்போது விலைக்கு வருவோம். இதை நிதானமாகப் படியுங்கள்.

ஓணத்துக்கு முந்தைய வாரம் ஏத்தன் தார் விலை ஏறுகிறது. பழம் அந்த வாரம் மட்டும் பெருத்துவிட்டதா? கேட்கிற ஆள் கூட, வருகிற சரக்கு குறைவு, அவ்வளவுதான். இங்கே வெளிநாட்டு இடிஎஃப்களுக்கு நடப்பதும் அதுதான். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் 700 கோடி டாலர் வரைதான் போடலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது. அதை நெருங்கிவிட்டதால் 2022 தொடக்கத்தில் புதுப் பணம் போடுவதை நிறுத்தச் சொன்னது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி. பிறகு கொஞ்சம் தளர்த்தினாலும் பழைய தாராளம் இல்லை. சாதாரணமாக ஒரு இடிஎஃப்பை வாங்க ஆள் கூடினால், புது யூனிட்டுகளை உருவாக்கிச் சந்தையில் இறக்குவார்கள், விலை சமநிலைக்கு வந்துவிடும். வரம்பு முட்டினால் புது யூனிட் வராது. இருக்கிற யூனிட்டுக்கே அடிதடி. உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்பு (என்ஏவி என்பார்கள்) ஒன்றாகவும், சந்தை விலை அதற்கு மேலாகவும் நிற்கும். அந்த வித்தியாசம்தான் பிரீமியம்.

ஒரு கணக்குப் போடுவோம், எண்கள் உதாரணத்துக்கு மட்டும். உள்ளே 100 ரூபாய்ச் சரக்கு, நீங்கள் வாங்குவது 120-க்கு. ஒரு வருஷத்தில் ஹாங்காங் சந்தை 15 சதவீதம் ஏறுகிறது. சரக்கு 115 ஆகிறது. அதற்குள் பரபரப்பு அடங்கி பிரீமியம் கரைந்தால் விற்கும் விலையும் அதே 115. மருமகன் போனில் “ஏறிட்டுல்லா மாமா” என்று சந்தோஷப்படுவார். உங்களுக்கு யூனிட்டுக்கு 5 ரூபாய் நட்டம். இது என் சொந்த அனுபவமும்கூட. ஒரு வெளிநாட்டு இடிஎஃப்பை எல்லோரும் அள்ளிக்கொண்டிருந்த வாரம் நானும் போய் அள்ளினேன். என்ஏவி பார்க்கவில்லை. வேறு யாரைக் குறை சொல்ல?

உங்கள் மருமகனுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1998 ஆசிய நெருக்கடியில் ஹாங்காங் அரசே சந்தையில் இறங்கிப் பங்குகளை வாங்கியது. அவற்றைப் பொதுமக்களிடம் திருப்பி விற்பதற்காக 1999-ல் ட்ராக்கர் ஃபண்ட் என்ற இடிஎஃப்பைக் கொண்டுவந்தது. அங்கே இருப்பவர் அந்த மாதிரி ஒன்றை என்ஏவியை ஒட்டிய விலையில் வாங்கலாம். சம்பளமும் வாடகையும் அவருக்கு அந்த நாட்டுக் காசில். உங்களுக்கு உரமும் கூலியும் ரூபாயில்.

அதற்காகப் பணத்தை அவருக்கு அனுப்பாதீர்கள். அவர் பெயரில் வாங்கினால் அது அவர் சொத்து. நாளைக்கு அக்கா குடும்பத்தோடு ஒரு பேச்சு வந்தால் யாரிடம் காகிதம் காட்டுவீர்கள்? உண்டியலில், அதாவது வங்கியைத் தவிர்த்து ஆள் மூலமாக, அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். வங்கி வழியாக உங்கள் பெயரிலேயே ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்ப வழி உண்டு, ஆனால் இந்தத் தொகைக்கு அந்தச் செலவும், வெளிநாட்டுச் சொத்தை வருமான வரிப் படிவத்தில் காட்டும் வேலையும் தேவையில்லாத சுமை.

சரி, 4 லட்சத்தை என்ன செய்வது? அடுத்த நடவுக்குக் கன்று, உரம், முட்டுக்கம்பு, கூலி என்று ஆகும் தொகையைத் தனியாக எடுத்து வங்கியிலேயே வையுங்கள். காற்றுக்கு ஒரு தொகை அதிகமாகவே வையுங்கள், அது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிச்சத்தில் ஐந்து, ஏழு வருஷம் தொட வேண்டாத பணத்தில் பெரும்பகுதிக்கு, நம் நாட்டின் 50 பெரிய கம்பெனிகளைக் கொண்ட நிஃப்டி 50 இடிஎஃப் போதும். அதுவும் ஒரு நாட்டுத் தோட்டம்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், காற்று அதற்கும் அடிக்கும். ஆனால் உள்ளூர்ப் பங்குகளுக்கு அந்த 700 கோடி வரம்பு கிடையாது, அதனால் பெரிய நிஃப்டி இடிஎஃப்களின் விலை என்ஏவியை விட்டு அதிகம் விலகாது. ஹாங்செங் ஆசைக்கு 20,000, 30,000 ரூபாய்க்கு மேல் வேண்டாம். அதையும் ஒரே நாளில் போட வேண்டாம்.

வாங்கும் அன்று ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் ஐ-என்ஏவி (அந்த நேரத்து என்ஏவி) என்று ஓடிக்கொண்டிருக்கும் எண்ணையும் சந்தை விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் இருந்தால் போனை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுங்கள். நேரமும் முக்கியம். ஹாங்காங் சந்தை நம் கடிகாரத்தில் மதியம் 1.30-க்கு மூடிவிடும், காலை 9.30 முதல் 10.30 வரை அவர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை. ஆகவே 10.30-க்கும் 1.30-க்கும் நடுவில் வாங்குங்கள். சீனப் புத்தாண்டு விடுமுறையில் தொடவே வேண்டாம். கிடைக்கிற விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போடாமல், இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று லிமிட் ஆர்டர் போடுங்கள்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். வாழை வருமானத்துக்கு வரி கிடையாது, இதற்கு உண்டு. இன்றைய விதிப்படி ஒரு வருஷத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம். அதற்குள் விற்றால் மற்ற வருமானத்தோடு சேர்த்து உங்கள் வரி விகிதப்படி கட்ட வேண்டும். உள்ளூர்ப் பங்கு இடிஎஃப்களுக்குக் கிடைக்கும் 1.25 லட்ச ரூபாய் விலக்கு ஹாங்செங் பீஸுக்குக் கிடையாது.