அமெரிக்காவில் டாக்டராக விரும்பும் மகள் இளங்கலையில் எந்த மேஜர் எடுக்க வேண்டும்?

மகள் நியூ ஜெர்ஸியில் பள்ளி முடிக்கிறாள், டாக்டராக வேண்டும் என்கிறாள், இளங்கலையில் முதன்மைப் பாடமாக, அதாவது மேஜராக, பயாலஜியா பயோமெடிக்கல் எஞ்சினியரிங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினேழு வயதில் இதே இரண்டுக்கும் நடுவில் நின்றவள் நான். எனக்குப் பொருந்தாததை எடுத்தேன். நைட் ட்யூட்டி முடித்து வந்த களைப்பிலும் உட்கார்ந்து எழுதுவது அதனால்தான்.

நீங்களும் என் அப்பாவைப் போல ஊரில் படித்தவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே பிளஸ் டூ முடித்த கையோடு எம்.பி.பி.எஸ். இங்கே நான்கு வருட இளங்கலை, அதற்குமேல் நான்கு வருட மருத்துவம், அப்புறம் மருத்துவமனையில் பயிற்சியான ரெசிடென்சி. மருத்துவத்துக்கு முன் படிக்கும் 'ப்ரீமெட்' என்பது ஒரு பட்டமே இல்லை, சில பாடங்களின் பட்டியல்தான். பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் இவை லேபோடு ஒவ்வொரு வருடம், கூடவே பயோகெமிஸ்ட்ரி, கொஞ்சம் கணக்கு, ஆங்கிலம். பெரும்பாலும் கேட்பது இவ்வளவுதான். இவற்றை முடித்துவிட்டால் மேஜர் வரலாறாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். நியூயார்க்கில் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987-லேயே வரலாறு, இலக்கியம் போன்ற மனிதவியல் பாடங்கள் படிக்கும் மாணவர்களுக்கென்று தனி வழி திறந்தது.

இது எதுவும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. "டாக்டர் சீட் கிடைக்கலேன்னா கையில ஒரு எஞ்சினியரிங் டிகிரியாவது இருக்கும்மா" என்றார் அப்பா. அவர் அக்கறையை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். பயோமெடிக்கல் எஞ்சினியரிங்கில் சேர்ந்தேன். இரண்டாம் வருடம் சர்க்யூட்ஸில் சி பிளஸ், மெக்கானிக்ஸில் பி மைனஸ். நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்ணான ஜி.பி.ஏ. 3.2-க்கு இறங்கியது. மருத்துவக் கல்லூரிகளுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் ஆம்காஸில் பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், கணக்கு நான்கையும் சேர்த்து அறிவியல் ஜி.பி.ஏ. என்று ஒன்றைத் தனியாகக் கணக்கிடுவார்கள். சர்க்யூட்ஸ் போன்ற பாடங்கள் அதில் வராது. ஆனால் மொத்த ஜி.பி.ஏ.வில் வரும். அதாவது அங்கே ராத்திரி பகல் உழைத்து ஏ வாங்கியிருந்தாலும் அறிவியல் ஜி.பி.ஏ. ஏறியிருக்காது, சறுக்கினால் மட்டும் மொத்தம் இறங்கும். திரும்ப எழுதினாலும் பழைய மதிப்பெண் அழியாது, இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடுவார்கள். யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

அந்த செமஸ்டரில் என்னைக் காப்பாற்றியது எல்லோரும் பயந்து ஓடும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரிதான். பேராசிரியர் வயதானவர். வியாழக்கிழமை மாலை அவர் அறைக்கு யாரும் வர மாட்டார்கள், நான் மட்டும் போவேன். எஸ்.என்.2 என்ற வேதிவினை புரியவில்லை என்றதும் மூலையில் இருந்த குடையை எடுத்து விரித்து, காற்றில் மடங்குவது போல உள்பக்கமாகத் திருப்பிக் காட்டினார். பின்பக்கமிருந்து ஒன்று வந்து ஒட்டும்போது கார்பனைச் சுற்றியுள்ள மற்ற மூன்றும் இப்படித்தான் மறுபக்கம் புரளும் என்றார். அடுத்த மாதமே மேஜரை கெமிஸ்ட்ரிக்கு மாற்றினேன். அப்பா இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. பயாலஜி மேஜரில் முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் பேராசிரியருக்கு உங்கள் மகளின் பெயர்கூடத் தெரியாமல் போகலாம். எங்கள் கெமிஸ்ட்ரி மேஜரில் என் வருடம் பதினாறு பேர். மருத்துவக் கல்லூரிகள் அறிவியல் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் கேட்கும்; பொதுவாக இரண்டு. அந்த ஆர்கானிக் பேராசிரியர் எனக்கு என்ன எழுதினார் என்று நான் பார்த்ததில்லை, பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். ஆனால் நேர்முகத்தில் ஒரு டாக்டரம்மா முதலில் கேட்டது, "ஒரே ரியாக்‌ஷனைப் பதினொரு தடவை செய்தாயாமே, ஏன் விடவில்லை?" என்றுதான். மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் பற்றிப் பேசவே இல்லை. மேஜரின் பெயரைப் பார்க்காதீர்கள். எந்தத் துறையில் உங்கள் மகளை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், எதில் அவளுக்கு மதிப்பெண் வரும் என்று பாருங்கள்.

பயாலஜி வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கு மேல் பயாலஜி வகைப் பாடம் படித்தவர்கள்தான், பிடித்திருந்தால் தாராளமாக எடுக்கட்டும். பயோமெடிக்கல் படித்து மருத்துவம் போனவர்கள் என் பேட்சிலேயே இரண்டு பேர் உண்டு. அவர்களுக்கு அந்தப் பாடம் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மகள் எந்த விசாவில் இருக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் பதிமூன்று வயதில், அப்பாவின் வேலை விசாவைச் சார்ந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஹெச்-4-இல் வந்தவள். இருபத்தொரு வயது ஆனதும் அப்பாவின் கிரீன் கார்டு வரிசையிலிருந்து விழுந்தேன், மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறினேன். எட்டாம் வகுப்பிலிருந்து படித்த நாட்டில் ஒரே இரவில் வெளிநாட்டு மாணவி. ஒரு வருடத்தில் கொடுக்கும் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று 1990-இல் போட்ட சட்டம் இது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அதனால்தான் வரிசை நகருவதே இல்லை. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவரின் விண்ணப்பத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. பார்க்கிறவற்றிலும் சில, நான்கு வருடப் பணத்தையும் முன்கூட்டியே எஸ்க்ரோ என்ற பூட்டி வைக்கும் கணக்கில் கட்டச் சொல்கின்றன. அரசின் கல்விக் கடனும் கிடையாது. முதல் தடவை எனக்கு ஒரு நேர்முகம்கூட வரவில்லை. ஒரு வருடம், படித்து முடித்த வெளிநாட்டு மாணவர்களுக்கு வேலை பார்க்கக் கொடுக்கும் ஓ.பி.டி. அனுமதியில் லேபில் வேலை பார்த்துக்கொண்டே மறுபடி விண்ணப்பித்தேன். ஓர் இடம் கிடைத்தது. குடியுரிமை பெற்ற மாமா கையெழுத்துப் போட்டதால் தனியார் கடனும் கிடைத்தது. மேஜரைப் பற்றி நாங்கள் வீட்டில் போட்ட சண்டையில் பாதி நேரத்தையாவது இந்த ஒன்றுக்குச் செலவழித்திருக்கலாம்.

மகள் இங்கே பிறந்தவளா, ஹெச்-4-இலா என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஹெச்-4 என்றால் அவளுக்கு இருபத்தொன்று ஆகும் மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள்.