டெய்லர் கேம்ப் – கடிதம்

வணக்கம் சார்,

கலிஃபோர்னியாவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். திரும்பியதும் ஹவாயின் கவாய் தீவில், கடற்கரை மர வீடொன்றில், ஹிப்பிகளோடு சில வருடம் இருந்தாராம். வாடகை கிடையாது, பாதி நேரம் உடையும் கிடையாது. “அதற்கப்புறம் நான் வாழவே இல்லை” என்கிறார். அங்கேயே அவருக்கு அறிமுகமான மனைவி உள்ளேயிருந்து, “கொசுவைப் பற்றியும் சொல்லுங்கள்” என்று குரல் கொடுக்கிறார். நடிகை எலிசபெத் டெய்லரின் அண்ணன் கொடுத்த நிலம் என்று வேறு சொல்கிறார். நம்பலாமா? அது மாற்று வாழ்க்கையா, பொறுப்பைத் தட்டிக்கழித்த கூட்டமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தாராளமாக நம்பலாம். அந்த இடத்தின் பெயர் டெய்லர் கேம்ப். கவாயின் வடகரையில், ஹாயெனாவில் இருந்தது. 1969-ல் வீடுவாசல் இல்லாமல் சுற்றுகிறார்கள் என்று 13 ஹிப்பிகளைப் பிடித்து உள்ளே போட்டார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். எலிசபெத் டெய்லரின் அண்ணன் ஹோவர்ட் டெய்லர் அவர்களை வெளியே எடுத்து, தன்னுடைய ஏழு ஏக்கர் கடலோர நிலத்தில் இருந்துகொள்ளச் சொன்னார். முழுக்க வள்ளல்தனம் என்று எண்ண வேண்டாம். அங்கே வீடு கட்ட நினைத்திருந்தார். பூங்காவுக்கு வேண்டும் என்று அரசு அந்த நிலத்தின் மேல் கண்வைத்ததால் கட்ட முடியவில்லை. சரி, இவர்களை வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுங்கள் என்று விட்டுவிட்டார். நம்மூர் வரப்புத் தகராறுகளில்கூட இப்படியொரு பழிவாங்கலை நான் கேள்விப்பட்டதில்லை.

பிறகு ஆள் சேர்ந்தது. கல்லூரிக் கலவரங்களிலும் போலீஸ் தடியடியிலும் வெறுத்துப்போனவர்கள், போருக்குப் போய்த் திரும்பியவர்கள், சும்மா அலைச்சறுக்கு விளையாட வந்தவர்கள். நூறு பேரைத் தாண்டிய காலமும் உண்டு. மூங்கில், பழைய பலகை, யாரோ கழித்துப்போட்ட ஜன்னல், மழைக்குப் பிளாஸ்டிக் ஷீட் என்று கிடைத்ததை வைத்து மரங்களில் வீடு கட்டினார்கள். தீவின் அந்தப் பக்கம் மழைக்குப் பேர்போனது. பிளாஸ்டிக் கூரையில் ராத்திரி முழுக்க அது கொட்டினால் என்ன சத்தம் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். மின்சாரம் இல்லை. பொதுக் குளியலிடம், திறந்தவெளிக் கக்கூஸ், சின்னதாக ஒரு சர்ச், கூட்டுறவுக் கடை. எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லாமல் இத்தனையும் நடந்தது. காய்கறி போட்டார்கள், மீன் பிடித்தார்கள், கஞ்சாவும் வளர்த்தார்கள். அரசாங்கத்தின் உணவுக் கூப்பனையும் வாங்கிக்கொண்டார்கள்.

பொறுப்பைத் தட்டிக்கழித்தவர்கள் இல்லாமலா? இருந்திருப்பார்கள். ஆனால் இருபது வயதில் போர்முனைக்கு அனுப்பப்பட்டுத் திரும்பிய பையனுக்கு, எங்கிருந்து வந்தாய், அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று யாரும் கேட்காத ஓர் இடம் தேவைப்பட்டிருக்கும். அவரைப் பொறுத்தவரை நான் கணக்குப் பார்க்க மாட்டேன்.

“அதற்கப்புறம் வாழவே இல்லை” என்பதைத்தான் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. காலி செய்யச் சொல்லி வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 1977-ல் வீடுகளைக் கொளுத்திவிட்டார்கள். அதனால் அங்கிருந்தவர்களில் பலருக்குத் தாங்களாக முடிவெடுத்துக் கிளம்பும் சங்கடம் வரவில்லை. கேம்ப் இன்னும் பத்து வருடம் நீடித்திருந்தால் வேலி வந்திருக்கும், யார் மரம் யாருடையது என்ற சண்டை வந்திருக்கும், முட்டிவலியோடு ஏணி ஏற முடியாமல் உங்கள் நண்பரே புலம்பியிருப்பார். அவர் அலுத்துப்போவதற்கு முன்பே அரசாங்கம் நெருப்பு வைத்துவிட்டது.

அவர் கதையில் ஹவாய்க்காரர்கள் வருகிறார்களா? உங்கள் கடிதத்தில் ஒருவரும் இல்லை. 1893-ல் அவர்களுடைய ராணியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள், ஐந்து வருடத்தில் நாட்டையே அமெரிக்கா சேர்த்துக்கொண்டது. அப்படிப்பட்ட மண்ணில் வெளியிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் உடையில்லாமல் திரிந்தால் ஊர்க்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? பலருக்குப் பிடிக்கவில்லை.

இப்போது அது ஹாயெனா அரசுப் பூங்கா. 2018 ஏப்ரல் வெள்ளத்தில் மூடி, அடுத்த வருடம் திறந்தபோது ஒரு நாளைக்கு 900 பேர்தான் என்று வரம்பு வைத்தார்கள். ஹவாய்க்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் முன்பதிவு செய்ய வேண்டும். உங்கள் நண்பருக்கும் அதே விதிதான்.

அவரைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். மனைவியிடம் தனியாக, முடிந்தால் முதலில், கேளுங்கள். கைக்குழந்தையோடு இருந்த பெண்கள் மழைக்காலத்தை எப்படிச் சமாளித்தார்கள், பொதுக் கக்கூஸை யார் கழுவினார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும்.